தேவாரமும் கறையானும்

(ஒரு கிராமப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு நம்மைப் பேச அழைத்த தோழர்கள், "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், தேவாரத்தை மாத்திரம் தொடாதீர்கள். இவ்வூரில் சைவர்கள் அதிகம், மனம் நோகும்" என்று சொன்னார்கள். அவர்கள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நாம் வேறு எதையாவது பேசிவிட்டுப் போயிருப்போம். தொடக்கூடாத பொருள் என்று ஓர் ஊரில் ஒன்று இருக்குமானால், அதைத் தொட்டுப் பார்ப்பதுதான் நமது வேலை. ஆகையால் தேவாரத்தைப் பற்றியே பேசுவதென்று தீர்மானித்துவிட்டோம். (சிரிப்பு)

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். தேவாரம் பாட்டு என்கிற அளவில் நமக்கு அதனிடம் யாதொரு விரோதமும் கிடையாது. சம்பந்தரும் அப்பரும் 7-ஆம் நூற்றாண்டில் பாடினார்கள். சுந்தரர் அவர்களுக்குப் பிந்தியவர். மூவரும் ஊர் ஊராய் நடந்து, அந்தந்த ஊர் ஆற்றையும் சோலையையும் வயலையும் பார்த்துத் தமிழில் பாடினார்கள். பண் இருக்கிறது, நல்ல தமிழ் இருக்கிறது. பாடுகிறவர் பாடட்டும், கேட்கிறவர் கேட்கட்டும். அந்தப் பாட்டிலே சமணரையும் பௌத்தரையும் பதிகத்துக்குப் பதிகம் வைதிருப்பது நமக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். அப்பர் ஓரிடத்தில் சாத்திரம் பேசுகிறவர்களைப் பார்த்து, கோத்திரத்தையும் குலத்தையும் வைத்துக் கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருப்பது நமக்குப் பிடித்திருக்கிறது என்பதும் வேறு விஷயம். கேட்டார், கேட்டதைப் பாராயணம் செய்கிறார்கள், பதில்தான் இன்னும் வரவில்லை.

நமது ஆட்சேபணை எங்கே ஆரம்பமாகிறதென்றால், புத்தகம் புத்தகமாக இல்லாமல் ஆளாக மாறிவிடுகிற இடத்திலேதான். "இது வெறும் ஏடல்ல; நாயன்மாரே இதற்குள் எழுந்தருளியிருக்கிறார். இதை வணங்கினால் அவரை வணங்கியது. இதைக் கேட்டால் அவர் பதில் சொல்லுவார்" என்று சொல்லுகிறார்களே, அந்த இடத்திலே.

சென்ற மாதம் ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தில் கண்ணாடி அலமாரி. உள்ளே பட்டுத் துணி விரித்து 12 திருமுறையும் அடுக்கியிருந்தது. முன்னால் விளக்கு, ஊதுவத்தி, பூ. ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையிலும் சந்தனம், குங்குமம், விபூதி. நாம் பாடலொன்று பார்க்க வேண்டியிருந்ததால், "நான்காம் திருமுறையைக் கொஞ்சம் எடுங்கள்" என்று கேட்டோம். "ஸ்நானம் செய்துவிட்டு வந்தீர்களா?" என்றார். "வந்தோம்" என்றோம். அரை மனதாய் எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் பிரிய மாட்டேனென்கிறது. எண்ணெயும் சந்தனமும் ஊறி நாற்பது ஐம்பது பக்கம் ஒரே பலகையாய் ஒட்டிக் கொண்டிருக்கிறது. வெள்ளிப்பூச்சி குடித்தனம் நடத்துகிறது. "இதை எப்போது கடைசியாய்ப் படித்தீர்கள்?" என்று கேட்டால், "படிக்கிறதா? தினம் இரண்டு வேளை பூசை நடக்கிறதே!" என்கிறார். அவரைக் கேலி செய்ய நாம் இதைச் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், நமக்குக் காப்பி கொடுத்தார். புத்தகத்துக்கு உயிர் இருக்கிறது என்று நம்பினவருடைய வீட்டில் புத்தகம் எப்படிச் சாகிறது என்பதைக் காட்டவே சொன்னோம்.

இன்னொரு வழக்கம் இருக்கிறது. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கயிறு சாத்திப் பார்ப்பது என்று பெயர். ஒரு காரியம் ஆகுமா ஆகாதா, பெண்ணைக் கொடுக்கலாமா கூடாதா, பிள்ளை பிறக்குமா பிறக்காதா என்று சந்தேகம் வந்தால், கண்ணை மூடிக்கொண்டு திருமுறைக்குள் ஒரு நூலைச் செலுத்துகிறது. எந்தப் பக்கத்தில் நூல் விழுகிறதோ அந்தப் பாட்டு நாயனார் சொன்ன உத்தரவு. இதற்குப் பெரிய ஆதாரமும் காட்டுகிறார்கள். பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் என்பவருக்குப் பிள்ளையில்லை, அவருடைய குரு தேவார ஏட்டில் கயிறு சாத்தினார், சம்பந்தர் திருவெண்காட்டில் பாடிய பாட்டு வந்தது, அங்கே போய்க் குளத்தில் முழுகினார், பிள்ளை பிறந்தது, அந்தப் பிள்ளைதான் சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் என்பது கதை. நாம் கேட்கிறோம்: கயிறு சாத்தியும் பிள்ளை பிறக்காதவர்கள் பெயரை யாராவது எழுதி வைத்தார்களா? பிறந்த ஒருவருடைய பெயர் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்று வரை ஓடி வருகிறது. பிறக்காதவர்கள் பெயர் அந்தக் குளத்துப் படிக்கட்டோடு போயிற்று. சூதாட்டக் கொட்டகைக்காரனும் ஜெயித்தவன் பெயரைத்தான் பலகையில் எழுதுவான்.

அது உண்மையில் நாயனார் வாக்குத்தானா என்று பார்க்க வெகு சுலபமான வழி ஒன்று உண்டு. ஒரே கேள்விக்குப் பத்துத் தடவை கயிறு சாத்திப் பாருங்கள். உள்ளே இருப்பவர் ஒருவரானால் பதில் ஒன்றாக இருக்க வேண்டும். பத்துத் தடவைக்குப் பத்துப் பாட்டு வந்தால் உள்ளே இருப்பது நாயனாரல்ல, பக்கங்கள் என்று வைத்துக் கொள்ளலாமா, கூடாதா? "அப்படிச் சோதிக்கக் கூடாது, பாவம்" என்பார்கள். சோதிக்கக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொன்னது? அந்த உத்தரவும் கயிறு சாத்தித்தான் வந்ததா?

நிற்க, இப்போது முக்கியமான கதைக்கு வருவோம். தேவாரம் எப்படிக் கிடைத்தது என்ற கதை. இதை நாம் இட்டுக் கட்டிச் சொல்லவில்லை. உமாபதி சிவம் பெயரால் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்லுகிறது. சைவப் பிரசங்கிகள் மேடைக்கு மேடை சொல்லுகிறார்கள்.

சோழ ராஜா ஒருவனுக்குத் தேவாரத்தில் ஆசை. சிலபாட்டுகள்தான் காதில் விழுகின்றன. ஏடு எங்கே என்று தெரியவில்லை. திருநாரையூரில் நம்பியாண்டார் நம்பி என்ற பிள்ளை, தான் படைத்த நைவேத்தியத்தைப் பொள்ளாப் பிள்ளையாரையே தின்ன வைத்தவன். ராஜா அங்கே போகிறான். பிள்ளையாரும் ராஜா கொண்டு வந்ததையெல்லாம் தின்றுவிட்டு, "சிதம்பரத்தில் ஆடுகின்ற நடராஜாவுக்குப் பின் பக்கத்து அறையில், மூவருடைய கையடையாளம் இட்டுப் பூட்டிக் கிடக்கிறது" என்று சொல்லுகிறார். ராஜா சிதம்பரத்துக்கு ஓடுகிறான். அங்கே இருந்த தீட்சிதர்கள், "பூட்டி முத்திரையிட்டவர்கள் மூவர். அவர்கள் வந்தால்தான் திறப்போம்" என்கிறார்கள். மூவரும் செத்து முந்நூறு வருஷம்! ராஜா என்ன செய்தான்? மூவருடைய விக்கிரகங்களையும் அலங்கரித்து ஊர்வலமாய்க் கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "இதோ வந்துவிட்டார்கள்" என்றான். தீட்சிதர்களால் மறுக்க முடியவில்லை. செம்பு பேசாது, நடக்காது, அது நாயனாரல்ல என்று சொன்னால், உள்ளே ஆடுவதும் செம்புதானே என்று கேள்வி வரும். பிழைப்பில் மண் விழும். ஆகவே திறந்தார்கள். திறந்து பார்த்தால் கறையான் புற்று! எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்துப் பார்த்தால் பெரும்பகுதி மண். ராஜா அழுகிறான். அப்போது ஆகாயத்திலிருந்து, "இக்காலத்துக்கு வேண்டியவற்றை மாத்திரம் வைத்து மற்றதை மண்மூடச் செய்தோம்" என்று குரல் வருகிறது. கதை முடிந்தது. பிரசங்கி கண்ணைத் துடைத்துக் கொள்ளுகிறார், கேட்கிறவர்களும் துடைத்துக் கொள்ளுகிறார்கள்.

தோழர்களே! கண்ணைத் துடைத்துக் கொண்ட பிறகாவது நன்றாய்ப் பார்க்க வேண்டாமா?

இந்த மூவருடைய பாட்டுக்கு என்னென்ன சக்தி இருந்ததென்று இவர்களே சொல்லுகிறார்கள்? வேதாரண்யத்தில் வேதங்களே பூட்டிவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார் என்கிறார்கள். அந்தப் பாட்டு ராஜாவின் காலத்திலே ஒருவருக்குமே தெரியாமல் போயிருந்தாலும், கதவுக்கு உள்ளேயே 1,03,000 பதிகம் இருந்ததே! வேதம் பூட்டிய கதவைத் திறந்த பாட்டு தீட்சிதர் பூட்டிய கதவைத் திறக்கவில்லையே, ஏன்? வேதத்தின் பூட்டைவிடத் தீட்சிதர் பூட்டுப் பெரிதா? அப்படியானால் அதையாவது ஒப்புக் கொள்ளட்டும்.

மதுரையில் என்ன நடந்தது என்கிறார்கள்? சம்பந்தருடைய ஏட்டை நெருப்பில் போட்டார்கள், பச்சையாக வெளியே வந்தது. வைகை வெள்ளத்தில் விட்டார்கள், எதிர்த்து ஏறித் திருவேடகத்தில் போய் நின்றது. சமணருடைய ஏடு எரிந்தது, வெள்ளத்தோடு போயிற்று. அதனால் அவர்கள் தோற்றார்கள். 8,000 சமணர்கள் கழுவேறினார்கள் என்று பெரிய புராணம் பெருமையாகப் பாடுகிறது. ஓர் ஏடு வேகவில்லை என்பதற்காக 8,000 உயிர்! சரி. நெருப்புக்கு வேகாத ஏடு, வெள்ளத்துக்கு வளையாத ஏடு, அரிசி மணி அளவுகூட இல்லாத கறையானுக்கு இரையாகிவிட்டதே! சமணர்கள் மாத்திரம் புத்தியோடு, "அனல்வாதம் வேண்டாம், புனல்வாதம் வேண்டாம், கறையான் வாதம் வைத்துக் கொள்ளலாம்" என்று கேட்டிருந்தால் அந்த 8,000 பேரும் பிழைத்திருப்பார்களே! (சிரிப்பு, கைதட்டல்)

இனி கணக்கைப் பாருங்கள். சம்பந்தர் 16,000 பதிகம், அப்பர் 49,000, சுந்தரர் 38,000 பாடினார்கள் என்கிறார்கள். கூட்டினால் 1,03,000. இன்று கையில் இருப்பது 800-க்குச் சற்றுக் குறைவு. அதாவது நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. சுந்தரர் உயிரோடிருந்தது 18 வருஷம் என்று இவர்களே சொல்லுகிறார்கள். 18 வருஷத்துக்கு 6,570 நாள். பிறந்த அன்றைக்கே தொட்டிலில் கிடந்தபடி பாட ஆரம்பித்திருந்தாலும், நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 பதிகம், பதிகத்துக்குப் பத்துப் பாட்டு வீதம் 60 பாட்டுப் பாடித் தீர்த்திருக்க வேண்டும். இதற்கு நடுவில் அவருக்கு இரண்டு கலியாணம், ஒரு வழக்கு, சேர ராஜாவோடு சிநேகம், ஊர் ஊராய் யாத்திரை! இந்தக் கணக்கைப் போட எட்டாம் வகுப்புப் படித்த பையன் போதும். நாமும் அதற்கு மேல் படித்தவரல்ல. பெரிய பெரிய வித்துவான்கள் இதைப் போட்டுப் பார்க்கவில்லையே என்பதுதான் ஆச்சரியம்.

ஆகாயக் குரலையும் சோதித்துப் பார்த்துவிடலாம். இக்காலத்துக்கு வேண்டியது இவ்வளவுதான், மிச்சம் வேண்டாததென்று சிவபெருமானே தீர்ப்புச் சொல்லிவிட்டார் அல்லவா? ஆனால் திருவிடைவாய் என்ற ஊரில் கோயில் கல்வெட்டைப் படித்தவர்கள், ஏடுகளில் எங்கும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று கல்லிலே வெட்டியிருப்பதை 1917-ஐ ஒட்டிக் கண்டுபிடித்தார்கள். இப்போது தேவாரப் புத்தகங்களில் அதையும் சேர்த்து அச்சிடுகிறார்கள். வேண்டாமென்று தள்ளிய பதிகம் எப்படித் திரும்பி வந்தது? ஆகாயக் குரல் கணக்கில் பிசகிவிட்டதா? கல்லைத் தின்னக் கறையானுக்குப் பல் இல்லை, அதுதான் விஷயம்.

"சரி ஐயா, அப்படியானால் தேவாரம் எங்கே இருந்து வந்தது?" என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காமல் சிரித்துவிட்டு மாத்திரம் போனால் நாம் வந்ததில் பயனில்லை. வேலூர்ப் பக்கத்தில் திருவல்லம் கோயிலில் 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் கோயிலில் வேலை செய்கிறவர்களுக்கு நெல் அளக்கும் கணக்கில், திருப்பதியம் பாடுவாரும் சொல்லப்படுகிறார்கள். திருப்பதியம் என்றால் இந்தப் பாட்டுத்தான். முதல் பராந்தகன் காலத்துச் சோழர் கல்வெட்டுகளிலும் அவர்கள் வருகிறார்கள். ராஜராஜன் பட்டத்துக்கு வந்ததோ 985-இல். அதாவது, சிதம்பரத்து அறையைத் திறந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு நூறு வருஷத்துக்கு முன்பே, வேறு வேறு ஊர்களில் கூலிக்கு ஆள் வைத்து இந்தப் பாட்டைப் பாடிக் கொண்டிருந்தார்கள். ராஜராஜனும் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் பதியம் பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேரை வைத்து, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் ஏற்பாடு செய்து கல்லில் வெட்டி வைத்தான். ராஜா பெயரும் இருக்கிறது, கூலியும் இருக்கிறது. பிள்ளையார் கொழுக்கட்டை தின்றதாக மாத்திரம் அந்தக் கல்லில் இல்லை. அந்தக் கதை எழுதப்பட்டது ராஜராஜனுக்கு முந்நூறு வருஷம் கழித்து. கதையில் வரும் ராஜா எந்த ராஜா என்பதிலேயே வித்துவான்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

நம்பியோ வேறு யாரோ ஒருவர், பல ஊர்களில் பாடிக் கொண்டிருந்ததையும், ஏட்டில் கிடந்ததையும் சேர்த்து அடைவு செய்தார். நல்ல காரியம். செய்தவருடைய உழைப்பைப் பிள்ளையாருக்கும் ஆகாயக் குரலுக்கும் கொடுத்துவிட்டார்களே என்பதுதான் நம் வருத்தம்.

இந்தக் கதையிலேயே இன்னொரு துண்டு இருக்கிறது. பிரசங்கிகள் அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். நாம் அதில் சற்று நிற்க விரும்புகிறோம். ஏடு கிடைத்தது, ஆனால் பண் தெரியவில்லை. எந்த மெட்டில் பாடுவது? சிதம்பரத்தில் மூவாயிரவர் என்று பெயர் போட்டுக் கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணுக்குத் தெரியும் என்று கண்டு, அவளை அழைத்து வந்து, அவள் வாயால் பாடச் சொல்லிக் கேட்டுப் பண் அமைத்தார்கள்.

யாழ்ப்பாணர் யார்? சம்பந்தரோடு ஊர் ஊராய்ப் போய் அவர் பாட்டை யாழில் வாசித்தவர். பாணர் சாதி. கோயிலுக்குள் நேர் வாசல் வழியாக வர முடியாமல் வெளியில் நின்று வாசித்தவர். திருவாரூரில் அவருக்கென்று வடக்கே வேறு வாசல் வைத்துச் சிவபெருமான் உள்ளே அழைத்துக் கொண்டார் என்று பெரிய புராணமே சொல்லுகிறது. சிவபெருமானாலும் கூட இருக்கிற வாசலில் அவரை விட முடியவில்லை, புது வாசல்தான் வைக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். அப்படிப்பட்டவர் குடும்பத்துப் பெண், எழுதப் படிக்கத் தெரிந்தவளோ தெரியாதவளோ, பாட்டி சொல்லித் தாய் கேட்டு, தாய் சொல்லித் தான் கேட்டு, முந்நூறு வருஷத்து மெட்டைத் தொண்டையில் வைத்திருந்தாள். உயர்ந்தவர்கள் என்று சொல்லிக் கொண்டவர்கள், பொன்வேய்ந்த கூரைக்கு அடியில், முத்திரையிட்ட அறையில் வைத்திருந்தது மண்ணாய்ப் போயிற்று. வாசலுக்கு வெளியே நின்றவர்கள் வாயில் இருந்தது மிஞ்சிற்று. நாயனார் எங்கேயாவது உயிரோடு இருந்தார் என்றால் எங்கே இருந்தார் என்று நீங்களே சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் பெயரைக் கூடப் புராணம் எழுதி வைக்கவில்லை.

பூட்டி வைத்து மண்ணாக்குகிற வேலை அந்த ஒரு அறையோடு நின்றுவிடவில்லை. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்தவர். அவர் நம்மைப் போன்ற நாஸ்திகரல்ல, நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். அவர் கரிவலம்வந்தநல்லூருக்குப் போய்ப் பழைய பாண்டியன் சேர்த்து வைத்திருந்த ஏடுகள் எங்கே என்று விசாரித்தார். பழுதாய்ப்போன ஏடுகளைச் சும்மா எறியக்கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்ய வேண்டுமென்று ஆகமம் சொல்லுகிறதாகச் சொல்லி, அப்படியே நெருப்பில் போட்டுவிட்டோம் என்றார்கள். வேறோரிடத்தில், ஆடிப் பதினெட்டில் வெள்ளத்தோடு விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஏட்டைப் பகைத்தவர்கள் செய்த காரியமல்ல இது. ஏட்டை வணங்கியவர்கள் செய்த காரியம்! பகைவன் ஏட்டை எரித்தால் வெறுங்கையால் எரிப்பான். பக்தன் எரித்தால் நெய்யும் சேர்த்து எரிக்கிறான். வைகையிலே ஒருதரம் எதிர்நீச்சல் போட்டதாகச் சொன்ன ஓலை, பிறகு எந்த ஆற்றிலும் எதிர்நீச்சல் போட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

1860-களில் தேவாரம் அச்சேறிற்று. பிறகு மடங்களும் மலிவு விலையில் அச்சிட்டன. அச்சிட்டதற்காக நாம் அவர்களைக் குறை கூறவில்லை, வாழ்த்துகிறோம். 1984 முதல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தி.வே. கோபாலையரைக் கொண்டு ஒப்பு நோக்கிப் பதிப்பித்தது. இன்று பள்ளிக்கூடத்துப் பையன் கைப்பேசியில் விரலால் தொட்டால் பாட்டு, பண், பொருள் எல்லாம் வருகிறது. அவன் ஸ்நானம் செய்தானா என்று கைப்பேசி கேட்பதில்லை.

ஆனால் சிதம்பரத்துக் கதவு மாத்திரம் இன்னும் பழைய கதவாகவே இருக்கிறது. சிற்றம்பல மேடையில் ஏறித் தமிழில் தேவாரம் திருவாசகம் பாட வேண்டுமென்று சிவனடியார் ஆறுமுகசாமி என்ற முதியவர் பல வருஷம் போராடினார். அவர் நம்மைப் போலக் கடவுள் இல்லையென்று சொன்னவரல்ல. உருத்திராட்சம் போட்டவர், சைவர். 2008-இல் தமிழ்நாடு அரசு பாடலாமென்று உத்தரவு போட்டது. அவ்வருஷம் மார்ச்சு 2-ஆம் தேதி அவர் மேடையேறிப் பாடப் போனபோது, போலீசார் கூட வரவேண்டியிருந்தது. தீட்சிதர்கள் தடுத்துப் பெரிய தள்ளுமுள்ளு நடந்தது. பிறகு கோயில் நிர்வாகம் யாருக்கு என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2014 ஜனவரியில் தீட்சிதர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பக்தர்கள் மேடையேறிப் பாடி வணங்கலாமென்று 2022-இல் அரசு மறுபடியும் ஓர் உத்தரவு போட வேண்டியதாயிற்று.

இப்போது யோசித்துப் பாருங்கள். தேவார ஏடு நாயனாருடைய உயிருள்ள திருமேனி என்கிறார்கள். அதைப் பல்லக்கில் வைத்து வீதிவலம் விடுகிறார்கள், யானைமேல் ஏற்றுகிறார்கள், சாமரம் வீசுகிறார்கள். அதே பாட்டை ஒரு மனிதன் வாய் திறந்து பாட, மேடையில் நான்கு படி ஏறினால் போலீசு வேண்டியிருக்கிறது. செம்பு விக்கிரகத்தைக் கொண்டுவந்து மூவர் வந்துவிட்டார்கள் என்றபோது கதவைத் திறந்தவர்கள், மூவருடைய பாட்டே ஒருவர் வாயில் வந்தபோது ஏன் தடுத்தார்கள்? மூவர் அந்த ஏட்டில் இருப்பது உண்மையானால், அன்றைக்கு அவர்கள் தள்ளியது யாரை? இல்லையென்றால், பல்லக்கில் போவது யார்? இரண்டிலொன்று சொல்லட்டும். இந்தக் கேள்வியைத் தீட்சிதர்களுக்கு மாத்திரம் நாம் விடவில்லை. தமிழ்ப் பாட்டென்று மேடையில் மார்தட்டுகிற மடாதிபதிகளுக்கும் விடுகிறோம். அவர்களுடைய கோயில்களில்கூட ஓதுவார் நிற்கிற இடம் எது? கருவறைக்கு வெளியே. ஓலை தெய்வம், ஓதுகிறவன் வெளியே!

நேரமாகிறது. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இறங்க முடியாது. தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் திருநீற்றுப் பதிகம் பாடித் திருநீறு பூசுகிறீர்கள். பாண்டியன் வெப்பு நோய் சம்பந்தர் பாடித் தீர்ந்ததாம். பாம்பு கடித்தால் திங்களூர்ப் பதிகம். அப்பர் பாடி அப்பூதி மகனை எழுப்பினாராம். வியாதிக்கொரு பதிகம் என்று சிறு புத்தகம் போட்டே விற்கிறார்கள். பூசுங்கள், பாடுங்கள், வேண்டாமென்று சொன்னால் நீங்கள் இன்று ஒப்ப மாட்டீர்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் பாடுவதை மாட்டு வண்டியிலோ மோட்டாரிலோ போகிற வழியில் பாடுங்கள். விஷம் இரத்தத்தில் ஏறிக் கொண்டிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் பிள்ளையின் உயிர். பாம்புக் கடிக்கு நச்சுமுறி ஊசி அரசாங்க ஆசுபத்திரியில் இருக்கிறது. அது குதிரைக்குச் சிறிது சிறிதாகப் பாம்பு விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்புச் சத்தைப் பிரித்தெடுத்துச் செய்கிற மருந்து. பத்துப் பாட்டும் முடிந்த பிறகு புறப்படலாமென்று உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். கடித்த இடத்துக்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டி, வீட்டுத் திண்ணையில் போட்டு, பாடத் தெரிந்தவரை அடுத்த ஊரிலிருந்து அழைத்து வர ஆள் அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறோம். பாடத் தெரிந்தவரும் வந்தார், பாட்டும் முடிந்தது. அந்தப் பையனுக்கு வயது ஒன்பது. கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், பிள்ளையை நடக்க விடாதீர்கள், கடிபட்ட காலை அசைக்காமல் தூக்கிக் கொண்டு ஓடுங்கள் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். இதை நான்கு பேருக்குச் சொல்லுங்கள். தேவாரத்தைப் பற்றி நாம் சொன்னதெல்லாம் மறந்து போனாலும் போகட்டும், இதை மறக்காதீர்கள்.

அப்பர் சூலை நோயால் துடித்தவர் என்று அவர் கதையே சொல்லுகிறது. அவர் காலத்தில் ஆசுபத்திரி இல்லை. பாடினார். இன்றைக்கு நம் தாலுகாவில் ஆசுபத்திரி இருக்கிறது.

இவ்வூர்ச் சைவ நண்பர்கள் இவ்வளவு நேரம் கூச்சலிடாமல் உட்கார்ந்து கேட்டதற்கு வந்தனம் செலுத்துகிறோம். திருமுறைக்கு வெள்ளிப் பெட்டி செய்ய இவ்வூரில் வரி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். அந்தப் பணத்தில் பாதியைக் கொண்டு, சாவடிக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற வாசகசாலையின் கூரையை மாற்றி, அதில் திருமுறையையும் வையுங்கள், பிற புத்தகங்களையும் வையுங்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். அவர்களுடைய சபையிலே இதைப் பேசி முடிவு செய்யக் கேட்டுக் கொள்ளுகிறோம்.

கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் பெயர் போடாமலே சீட்டு எழுதி அனுப்பலாம். ஒரு சீட்டு முன்னாலேயே வந்து நம் கையில் இருக்கிறது. "சம்பந்தரை நீ கண்ணால் பார்த்தாயா?" என்று எழுதியிருக்கிறது. இல்லை, பார்க்கவில்லை. எழுதிய அன்பரும் பார்த்திருக்க மாட்டார் என்றே எண்ணுகிறோம். அடுத்த சீட்டைக் கொடுங்கள்.